சனிக்கிழமைத் தாளில் ஒரு நகரம்: கோட்டயம், 1890

1890ஆம் ஆண்டு மார்ச் 22, சனிக்கிழமை. கொல்லம் ஆண்டு 1065, மீன மாதம். கோட்டயத்தில் கால்நடைச் சந்தை நடந்துகொண்டிருந்த வேளையில் ‘மலையாள மனோரமா’ என்னும் புதிய வார இதழின் முதல் தாள் வெளிவந்தது. அதன் முதல் தலையங்கம் புலையர்களின் கல்வியைப் பற்றியது. சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர்களிலும் சுமை தூக்கி வந்தவர்களிலும் புலையர் பலர் இருந்திருப்பர். தம்மைப் பற்றி அச்சிடப்பட்டிருந்த அந்தத் தாளைக் கையில் வாங்கி வாசித்திருக்கக் கூடியவர் அவர்களுள் மிகச் சிலரே. ஒரு நகரம் தன்னைப் பற்றித் தனக்கே எழுதிக்கொள்ளத் தொடங்கும்போது யாரைப் பற்றிப் பேசுகிறது, யாரோடு பேசுகிறது, யாரைக் காணாமலே கடந்து செல்கிறது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். கோட்டயத்தின் முதல் தாளிலேயே இம்மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன.

இங்கிலாந்தில் 1855இல் செய்தித்தாள் மீதான முத்திரை வரி நீக்கப்பட்டது. 1861இல் காகித வரியும் போயிற்று. அதன்பின் சந்தை கூடும் சிற்றூருக்கெல்லாம் சொந்தமாக ஒரு வாரத்தாள் முளைத்தது. தானிய விலை, மரண விசாரணை, தேவாலயத் தகராறு, தொலைந்துபோன பசு, நகரசபையின் சாக்கடைச் சண்டை ஆகிய அனைத்தும் அத்தாள்களில் பதிவாயின. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சிறுநகரத்தின் அன்றாட வாழ்வை எழுத விரும்பும் வரலாற்றாசிரியர் முதலில் தேடுவது அந்த ஊரின் செய்தித்தாளைத்தான். நம் பகுதியில் இம்முறையை முயல்வோர் பெரும்பாலும் சென்னை, கொழும்பு, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று போய்விடுகின்றனர். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் தமிழருக்கு மிக அருகே இருந்த அச்சு நகரம் கோட்டயம். இன்றைய இடுக்கி மாவட்டமே 1972இல் உருவானது. அதற்கு முன் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்கள் கோட்டயம் மாவட்டத்தில்தான் இருந்தன. மலைக்கு அந்நகரம் தலைநகராக இருந்தும், மலைத்தமிழரின் வரலாறு எழுதுவோர் அதன் தாள்களை ஏறக்குறையத் தொடுவதே இல்லை.

கோட்டயம் திடீரென்று அச்சுக்கு வந்த ஊரன்று. சர்ச் மிஷன் சங்கத்தின் பெஞ்சமின் பெய்லி 1821இல் அங்கே அச்சகம் நிறுவினார். சென்னையில் வார்க்கப்பட்ட மலையாள எழுத்துகள் அவருக்கு மனநிறைவு தரவில்லை. உள்ளூர்க் கம்மியரின் துணையோடு அவரே எழுத்து வார்க்க முற்பட்டார்; மலையாள அச்செழுத்து இன்றைய வட்ட வடிவத்தைப் பெற்றதில் அவருடைய பங்கு பெரிது. 1846இல் மலையாள–ஆங்கில அகராதி, 1848இல் ‘ஞானநிக்ஷேபம்’ என்னும் இதழ் என அவ்வச்சகத்தின் வரிசை நீளும். நகருக்குச் சற்று வடக்கே மான்னானத்தில் சாவற குரியாக்கோஸ் ஏலியாஸ் பாதிரியார் 1846இல் மர அச்சகம் ஒன்றை அமைத்தார். அச்சுப்பொறி எப்படியிருக்கும் என்று தச்சனுக்குக் காட்ட வாழைத்தண்டைச் செதுக்கி மாதிரி செய்தார் என்பது அவ்வூரார் இன்றும் சொல்லும் செய்தி. அங்கிருந்துதான் 1887 ஏப்ரல் 15 அன்று ‘நஸ்ராணி தீபிகா’ வெளிவந்தது. நிதீரிக்கல் மாணிக் கத்தனார் அதன் முதல் ஆசிரியர்.

நகரத்தின் மற்றொரு சிற்பி டி. ராமராவ். மராத்தி வழிப் பிராமணரான இவர் திவான் பேஷ்காராகக் கோட்டயத்தில் பணியாற்றிய காலத்தில் திருநக்கரையைச் சுற்றி நகரம் புதிய உருவம் பெற்றது. 1882இல் பொது நூலகத்தை நிறுவியவரும் அவரே. 1887இல் அவர் திருவிதாங்கூரின் திவானாகத் திருவனந்தபுரம் சென்றார். இந்தப் பெயரையும் இந்த நூலகத்தையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் வேறொரு கோலத்தில் இரண்டும் வரும்.

அன்றைய கோட்டயத்துக்கு ரயில் இல்லை. எர்ணாகுளத்திலிருந்து இருப்புப் பாதை வந்து சேர 1956 ஆயிற்று. ஆலப்புழையிலிருந்து காயல் வழியே வள்ளத்தில் வந்து இறங்குவதே வழக்கம். குட்டநாட்டு நெல்லும் மலையடிவாரத்து மிளகும் இஞ்சியும் மீனச்சிலாற்றங்கரைத் தாழத்தங்ஙாடியில் கைமாறின. கடிதங்களைச் சுமந்தது ஆங்கில அரசின் தபாலன்று, திருவிதாங்கூரின் சொந்த ‘அஞ்சல்’. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரர் அக்காலச் சாலைகளின் பழகிய காட்சி. 1888இல் அதற்குத் தனி முத்திரைத் தலையும் வந்தது. தமிழகத்தில் ‘தபால்’ என்றே வழங்கிய மக்களுக்குப் பிற்காலத்தில் அரசுப் பலகைகள் கற்பித்த ‘அஞ்சல்’ என்ற சொல், இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அரசாங்கத் துறை ஒன்றின் பெயராக நடமாடிக்கொண்டிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை வருகிறார். கொச்சியில் தேவ்ஜி பீம்ஜி என்னும் குஜராத்தி வணிகர் 1881இல் தொடங்கிய ‘கேரள மித்திரம்’ இதழில் ஆசிரியராக இருந்து தொழில் கற்றவர். பின்னர்க் கோட்டயத்தில் மலையாள ஆசிரியர். செய்தித்தாளை அவர் தனிமனிதக் கைங்கரியமாகத் தொடங்கவில்லை, சபையின் பொறுப்பிலும் விடவில்லை. 1888 மார்ச் 14 அன்று கூட்டுப் பங்கு நிறுவனமாகப் பதிவு செய்தார்: ஒவ்வொன்றும் நூறு ரூபாய் மதிப்புள்ள நூறு பங்குகள், நான்கு தவணைகளில் செலுத்தலாம். முதல் தவணைப் பணத்தில் லண்டனிலிருந்து ஹாப்கின்சன் அண்ட் கோப் அச்சுப்பொறி தருவிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய மலையாள அச்செழுத்துகளைக் கொந்தி ஆசாரி என்னும் உள்ளூர்க் கம்மியர் செய்து கொடுத்தார். தாளின் தலைப்பில் அரச முத்திரையைப் பொறிக்க மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் அனுமதி அளித்தார். அதே 1888இல் திருவிதாங்கூரில் சட்டசபையும் அமைந்தது. இந்தியச் சமஸ்தானங்களில் அதுவே முதலாவது. எண்மர் கொண்ட சிறு சபை, நியமன உறுப்பினர்கள். ஆயினும் அரசு, குடி என்னும் இருவருக்கும் நடுவே பேச ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் நகரத்தின் படித்த வகுப்புக்கு வந்துவிட்டது. பத்தாயிரம் ரூபாய் மூலதனத்தின் உண்மையான அடித்தளம் அந்த எண்ணமே.

முதல் தலையங்கத்துக்கு மீள வேண்டும். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் அரச ஆணையால் ஒழிக்கப்பட்டது. ஆணை வந்தபின்னும் புலையர் வயலில்தான் இருந்தனர். அரசுப் பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. மிஷன் சங்கத்தார் சில ஊர்களில் நிலத்தடிமைகளுக்கென்று பள்ளி நடத்தினர். மல்லப்பள்ளியில் அவ்வாறு முயன்ற ஜார்ஜ் மாத்தன் பாதிரியார்தான் 1863இல் ‘மலையாழ்மயுடெ வியாகரணம்’ வெளியிட்டவர். மொழியின் விதிகளைத் தொகுத்த கையே எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்க்கு அகரம் கற்பித்தது என்பது மொழியியல் மாணவர் இலக்கண வரலாற்றில் கேள்விப்படாத செய்தி. பாடத்திட்டங்கள் அவருடைய இலக்கணத்தை மட்டுமே நினைவுகூர்கின்றன.

அப்பள்ளிகள் சில. அரசு தன் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை ஒரு புதிய வார இதழ், நிலவுடைமையாளரும் வணிகருமான பங்குதாரர்களை வைத்துக்கொண்டு, முதல் நாளிலேயே எழுப்பியது துணிவுதான். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் தாளின் இலக்கணத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே புலையர் படர்க்கை. ‘நாம்’ என்பது எழுதுவோரும் வாசிப்போரும். ‘அவர்கள்’ என்பது கருணைக்குரியோர். அவர்கள் தன்மையில் பேசத் தொடங்கியது 1907ஐ ஒட்டி அய்யன்காளி பள்ளி நுழைவு கேட்டு வயல் வேலையை நிறுத்தியபோதுதான். 1910இல் ஆணை வந்தது. தலையங்கத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்திருந்தது.

இனி அத்தாளின் வேறொரு பக்கம். இன்று செய்தித்தாளில் கவிதைக்கு ஞாயிறு இணைப்பில் ஒரு மூலை கிடைக்கும். 1890களின் கோட்டயத்தில் கவிதை செய்தித்தாளின் உயிர்நாடிகளுள் ஒன்று. கடிதம் செய்யுளில் வரும், மறுப்பும் செய்யுளில் வரும். 1891இல் வர்கீஸ் மாப்பிள்ளையின் முயற்சியால் கோட்டயத்தில் கவிசமாஜம் கூடியது. நாடெங்கிலுமிருந்து கவிஞர்கள் வந்தனர். கொடுங்ஙல்லூர்க் குஞ்ஞிக்குட்டன் தம்புரான் குறித்த சில மணி நேரத்துக்குள் ‘கங்காவதரணம்’ என்னும் நாடகத்தையே எழுதி முடித்தார். மறு ஆண்டு அது பாஷாபோஷிணி சபையாக வளர்ந்தது. நாயர், நம்பூதிரி, அரச குலத்தார், சிரியக் கிறித்தவர் ஆகியோர் ஒரே அவையில் அமர்ந்து செய்யுள் இயற்றியது அக்காலத்துக்குப் புதுமை. அந்த அவையை அமைத்தவர் ஒரு கிறித்தவப் பத்திரிகையாளர் என்பதும் புதுமை.

அத்தாளில் கிளம்பிய சண்டைகளுள் தமிழ் வாசகர் தவறவிடக்கூடாத ஒன்று ‘துவிதீயாக்ஷரப் பிராச வாதம்’. பெயர் சமஸ்கிருதத்தில் அச்சுறுத்தும். பொருள் நமக்கு மிகப் பழகியது. செய்யுளின் ஒவ்வோர் அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டுமா, வேண்டாமா என்பதே வாதம். அதாவது எதுகை கட்டாயமா? வேண்டும் என்றவர் கேரள வர்ம வலியகோயித் தம்புரான், சாகுந்தலத்தை மலையாளத்தில் தந்து ‘கேரள காளிதாசன்’ எனப் பெயர் பெற்றவர். வேண்டாம் என்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவருடைய மருமகன் ஏ. ஆர். ராஜராஜ வர்மா. 1890களில் ‘மனோரமா’வின் பத்திகளில் புகையத் தொடங்கிய இச்சண்டை 1908இல் கொழுந்துவிட்டு எரிந்தது. மலையாளக் கவிதையின் நவீனத்துவம் இந்த எதுகைச் சண்டையில்தான் பிறந்தது என்று இலக்கிய வரலாறுகள் சொல்வதுண்டு. அது சற்று மிகை. வாரத்தாள் இல்லாமல் அச்சண்டை இவ்வளவு பேரைச் சென்றடைந்திராது என்பது மட்டும் உறுதி.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ‘பாட்டு’ என்னும் பழைய மலையாளச் செய்யுள் வகைக்கு ‘லீலாதிலகம்’ தரும் வரையறையில் எதுகையும் மோனையும் அப்பெயர்களாலேயே இடம்பெறுகின்றன. அவை திராவிட எழுத்து மரபோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அந்நூல் அச்சேறியது இருபதாம் நூற்றாண்டில். 1890களில் வாதிட்டோர் கையில் அதன் அச்சுப்பிரதி இல்லை. தாம் சண்டையிட்டுக்கொண்டிருந்த பொருள் தமிழ் யாப்போடு பங்கு கொண்ட பழஞ்சொத்து என்பதைக் காட்டும் சான்று ஓலையில் உறங்கிக்கொண்டிருக்க, அவர்கள் சமஸ்கிருதப் பெயரிட்டு அதை வாதித்தனர். எதுகையை வேண்டாம் என்ற அதே ராஜராஜ வர்மா 1896இல் ‘கேரள பாணினீயம்’ வெளியிட்டார். 1917இல் அதன் திருத்திய பதிப்பு வந்தது. மலையாளம் கொடுந்தமிழிலிருந்து கிளைத்தது என்பது அவர் கொள்கை. கிளைத்த விதத்தை விளக்க அவர் வகுத்த ஆறு ‘நயங்கள்’ இன்றும் மொழியியல் வகுப்புகளில் பாடம். இலக்கணத்தில் தமிழுக்குத் தாய் முறை கொடுத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அரசியலில் தமிழர்க்கு வேறொரு பெயர் நிலைபெற்றுக்கொண்டிருந்தது. அப்பெயர் பரதேசி.

தமிழில் ‘பரதேசி’ என்றால் ஊர் ஊராய்த் திரிபவன், இரந்துண்பவன், சில வேளை சாமியார். மலையாள வழக்கில் அது பிற தேசத்தவர் என்னும் நேர்ப்பொருளை நெடுங்காலம் காத்தது. கொச்சியின் பரதேசி யூதர் தேவாலயம் அதற்குச் சான்று. திருவிதாங்கூர் அரசுப் பணிகளில் உயர் பதவிகள் பலவற்றில் தமிழ், மராத்தி வழிப் பிராமணர் அமர்ந்திருந்தனர். தஞ்சையிலிருந்து வந்தோரும் உண்டு. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தோரும் உண்டு. பாலக்காட்டு அக்ரகாரத்திலிருந்து சென்ற ‘பட்டர்’ நிலை இன்னும் விசித்திரமானது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்ததால் அவர் திருவிதாங்கூருக்கு மொழியாலும் அந்நியர், ஆட்சியாலும் அந்நியர். மலையாளம் பேசுவார், மலையாளி என்று எண்ணப்படமாட்டார்.

1890இல் கோட்டயம் பொது நூலகத்தில் கூடியவர்கள் மன்னருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பத் தீர்மானித்தனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட அந்த ‘மலையாளி மெமோரியல்’ 1891 ஜனவரியில் அளிக்கப்பட்டது. முதல் கையெழுத்து கே. பி. சங்கர மேனோனுடையது, இயக்கிய கை ஜி. பரமேஸ்வரன் பிள்ளையுடையது. நாட்டுப் பணிகளில் நாட்டாருக்கு உரிய பங்கு வேண்டும் என்பதே கோரிக்கை. வர்கீஸ் மாப்பிள்ளையின் இதழ் அதன் பக்கம் நின்றது. விண்ணப்பம் தயாரான நூலகத்தைக் கட்டியவர் ராமராவ். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய திவானும் ராமராவ். கோட்டயத்தின் படித்த வகுப்புக்கு உட்கார்ந்து பேச ஓரிடம் அமைத்துக் கொடுத்தவரையே அவ்வகுப்பு அங்கே அமர்ந்து அந்நியர் பட்டியலில் சேர்த்தது. இதில் நன்றிகேடு என்று எதுவும் இல்லை. நூலகம் நூலகத்தின் வேலையைச் செய்தது.

கோட்டயத்துக் கிறித்தவர் இவ்விண்ணப்பத்தில் இவ்வளவு முனைப்புக் காட்டியதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் ஜான் மன்றோ திவானாக இருந்தபோது நூற்றுக்கணக்கான கோயில்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன. கோயிலையும் நில வரியையும் ஒரே துறை பார்த்தது. ஆகவே வருவாய்த் துறை அதிகாரி கோயில் காரியங்களிலும் தலையிட வேண்டியவர். கிறித்தவரும் ஈழவரும் அப்பதவிக்குத் ‘தகார்’. தேவஸ்வம் தனித்துறையாகப் பிரிந்தது 1922இல்தான். விண்ணப்பத்தின் எழுத்தில் பரதேசியே எதிரியாகத் தெரிந்தாலும், வருவாய்த் துறையின் வாயிலில் அவர்களைத் தடுத்து நிறுத்தியது இந்த ஏற்பாடு. ஆளை மாற்றுவதால் மட்டும் அந்தக் கதவு திறந்திராது.

‘மலையாளி’ என்ற சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதை மொழியியலாளர் தனியே ஆராயலாம். அரசு ஆவணங்களில் ‘மலையாளி சூத்திரர்’ என்பது நாயரைக் குறிக்கும் தொடர். விண்ணப்பத்திலோ நாயர், சிரியக் கிறித்தவர், ஈழவர் அனைவரையும் தழுவும் பெயராக ‘மலையாளி’ விரிந்தது. ஒரு சொல் பொருள் விரிவடையும்போது அதன் எல்லை வேறெங்கோ இறுகுவது மொழியில் இயல்பு. இங்கே அது தமிழருக்கு எதிரே இறுகியது. ஈழவர்க்கு அந்த விரிவு எவ்வளவு உண்மையானது என்பதும் விரைவில் தெரிந்தது. மாதம் ஐந்து ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் பணியில் ஈழவர் ஒருவர்கூட இல்லை என்று விண்ணப்பம் சுட்டிக்காட்டியிருந்தது. அரசின் பதில், அவர்கள் கல்வியில் பின்தங்கியவர் என்றும் தம் குலத்தொழிலையே விரும்புபவர் என்றும் தட்டிக்கழித்தது. அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட மருத்துவர் பல்பு சென்னையில் மருத்துவம் பயின்றவர். சொந்த நாட்டில் பணி மறுக்கப்பட்டு மைசூரில் வேலை பார்த்தவர். 1896இல் அவர் 13,176 கையெழுத்துகளுடன் ஈழவர்க்கென்றே தனி விண்ணப்பம் அளித்தார். ஐந்தே ஆண்டுகளில் பொதுப்பெயர் போதாமற் போயிற்று.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1891லேயே எதிர் விண்ணப்பம் ஒன்று போனது. தலைமுறைகளாக இந்நாட்டில் வாழ்வோரை அந்நியர் என்பது எவ்வாறு பொருந்தும் என்பது அதன் வழக்கு. நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்டவரும் கேட்கப்பட்டவரும் கச்சேரிப் படியேறத் தெரிந்தவர்களே. இரு விண்ணப்பங்களுக்கும் நடுவே ‘தமிழர்’ என்னும் சொல் ஒரே ஒரு வகை மனிதரைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று: மேசைக்குப் பின்னே தலைப்பாகையுடன் அமர்ந்திருக்கும் அதிகாரி.

கோட்டயத்தைச் சுற்றி வேறு தமிழர் இல்லையா? காஞ்சிரப்பள்ளியிலும் ஈராற்றுப்பேட்டையிலும் மிளகு வணிகத்துக்கு வந்து தங்கிய வெள்ளாளரும் ராவுத்தரும் பல தலைமுறைகளாக இருந்தனர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலை ஏறி இறங்கும் பொதிமாட்டுப் பாதைகளை அறிந்தவர்கள் அவர்கள். திருவிதாங்கூரின் தெற்கே நாஞ்சில் நாடும், கிழக்கே மலைக்கு அப்பால் செங்கோட்டையும் தமிழ் பேசும் குடிகள் நிறைந்த மன்னர் நிலங்கள். அவர்களைப் பரதேசி என்பது எந்த அகராதிக்கும் ஒவ்வாது. அஞ்சுநாட்டு மறையூரிலும் காந்தலூரிலும் தமிழ் பேசுவோர், திவான் யார் என்று கேட்டிருக்கவே வாய்ப்புக் குறைந்த தொலைவில் உழுதுகொண்டிருந்தனர்.

எல்லோரிலும் பெரிய கூட்டம் அப்போதுதான் மலை ஏறிக்கொண்டிருந்தது. 1877இல் பூஞ்ஞாற்றுத் தம்புரான் கேரள வர்மா கண்ணன் தேவன் மலைகளை ஜே. டி. மன்றோவுக்கு எழுதிக் கொடுத்தார். இவர் மேற்சொன்ன திவான் மன்றோ அல்லர். காப்பி, சிங்கோனா, பின்னர்த் தேயிலை. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. பீர்மேட்டில் காப்பித் தோட்டங்கள் அதற்கும் முன்னரே உண்டு. கோட்டயத்து மிஷனரி ஹென்றி பேக்கரின் பெயர் அத்தோட்டங்களின் தொடக்கத்தோடு இணைந்தது. 1886 அக்டோபர் 29 அன்று பெரியாற்று நீருக்கான 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887இல் தொடங்கிய அணை வேலை 1895இல் முடிந்தது. கோட்டயத்தில் கவிசமாஜம் கூடிய அதே ஆண்டில், கிழக்கே காட்டுக்குள் மதுரைச் சீமைக் கூலிகள் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தனர். காய்ச்சலிலும் காலராவிலும் பலர் மாண்டனர். தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் கொண்டுவந்தனர். பதவிப் பங்கீட்டுக் கணக்கில் இவர்களுக்கு இடமில்லை. இவர்கள் யாருடைய பதவியையும் எடுத்துக்கொள்ளவில்லை.

மலைக்கும் நகரத்துக்கும் இடையே இருந்த வழிகளும் இந்த மறதிக்கு உதவின. பீர்மேட்டுக்குக் கோட்டயத்திலிருந்து சாலை உண்டு, குமுளி வரை. மூணாறு மலைகளின் முகமோ கிழக்கு நோக்கியது. அரிசி போடிநாயக்கனூரிலிருந்து ஏறியது, ஆளும் அவ்வழியே ஏறியது. கோட்டயத்துத் தாளை வாசிக்க அங்கே வழியும் இல்லை, மொழியும் இல்லை. மலை ஆள்வரம்பில் திருவிதாங்கூர், அடுப்பில் மதுரை, கணக்கேட்டில் லண்டன். இப்படி முப்பக்கமும் இழுபட்ட நிலத்தை ஒரு நகரத்துச் சனிக்கிழமைத் தாள் முழுமையாகக் கண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனால் 1950களில் தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்ற போராட்டம் எழுந்தபோது இருதரப்பும் பயன்படுத்திய சொற்களின் வேரைத் தேடுவோர், ‘மலையாளி’, ‘பரதேசி’ என்ற இணை அச்சில் கூர்மை பெற்ற 1891க்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று அவ்வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. நாஞ்சில் நாடும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்துக்குப் போயின.

ஆங்கிலேயச் சிறுநகர வரலாற்றாசிரியருக்கு உள்ளூர்த் தாள் ஒன்றே பெரும்பாலும் போதும். அந்நகரத்தில் எழுதியவனும் வாசித்தவனும் எழுதப்பட்டவனும் ஒரே மொழிக்காரர். இங்கே அது போதாது. ‘மனோரமா’, ‘தீபிகா’ ஆகியவற்றின் பழைய தாள்களோடு சர்ச் மிஷன் சங்கத்தாரின் கடிதங்கள், தோட்டக் கம்பெனிகளின் பற்றேடுகள், சென்னை அரசின் பெரியாற்றுக் கோப்புகள், மலையில் இன்றும் பாடப்படும் தோட்டப் பாடல்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து வாசிக்க வேண்டும். திருச்சூர் அய்யந்தோளில் உள்ள அப்பன் தம்புரான் நினைவு நூலகத்தில் பழைய மலையாள இதழ்கள் பேணப்படுகின்றன. பாலக்காட்டிலிருந்து அங்கே இரண்டு மணி நேரப் பயணம். மலையாளத் தாளையும் தமிழ்ப் பாடலையும் அகராதி இல்லாமல் வாசிக்கக்கூடிய மாணவர்கள் மிகுதியாக இருப்பது பாலக்காட்டிலும் இடுக்கியிலும்தான்.